மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தாதீர்கள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. பள்ளிக்கூடத்தில் 34 வருஷம் பேசிப் பழகிய வாய், சுருக்கமாகச் சொல்ல வராது. பொறுத்துக்கொண்டு கடைசிவரை படியுங்கள், குறிப்பாக வீட்டில் சின்னக் குழந்தை இருப்பவர்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பெண் கீழே இறங்கி வந்தாள். கதவோரமாகவே நின்றுகொண்டு, "டீச்சரம்மா, ஒண்ணு சொன்னா தப்பா நினைக்க மாட்டீங்களே?" என்றாள். வாடகை தாமதமாகும் என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் குரலைத் தாழ்த்தி, "வீட்ல மூட்டைப்பூச்சி வந்துடுச்சும்மா" என்றாள். ஏதோ திருட்டை ஒப்புக்கொள்வது மாதிரி இருந்தது அவள் முகம்.

புருஷன் மறைமலைநகர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. குழந்தைக்காகப் பழைய கட்டில் ஒன்றை யாரிடமோ மலிவாக வாங்கியிருக்கிறார்கள். பூச்சி அதோடு வந்துவிட்டது. குழந்தையின் கையிலும் கழுத்திலும் வரிசையாகத் தடிப்பு. "அவரு ஏதோ மாத்திரை வாங்கிட்டு வந்திருக்காரும்மா. ராத்திரி ரூம்ல வச்சு கதவைச் சாத்திட்டா காலையில எல்லாம் செத்துடுமாம். நாங்க ஹால்ல படுத்துக்கறோம்" என்றாள்.

எனக்குப் பகீரென்றது. கொண்டு வா பார்க்கலாம் என்றேன். காகிதத்தில் மடித்த மாத்திரைகள். பெயர் இல்லை, எச்சரிக்கை இல்லை, ஒன்றுமில்லை. கிடங்கில் தானிய மூட்டைகளுக்கு வைக்கிற மருந்து என்று விற்றவர் சொன்னாராம். காற்றில் இருக்கும் ஈரம் பட்டாலே விஷவாயு கக்கும் சரக்கு அது. கதவைச் சாத்தினால் வாயு கதவுக்குக் கட்டுப்பட்டு நிற்குமா? அப்படியே வாங்கி, உர மருந்துக் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவன் ஒருவனிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்த்தேன்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. "மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின மாதிரி" என்று எங்கள் அம்மா சொல்வார். அதை வெறும் பழமொழி என்று நினைத்திருந்தேன். நூறு வருஷ வரலாற்றைப் புரட்டினால் நாம் உண்மையிலேயே கொளுத்திக்கொண்டுதான் வந்திருக்கிறோம். அந்தக் கதையை எழுதுகிறேன்.

*

முதலில் பூச்சியின் பூர்வீகம். மூட்டைப்பூச்சியின் உறவினர்கள் பலர் இன்றும் வௌவால்களின் இரத்தம் குடித்து வாழ்கிறார்கள். மனிதன் குகையில் ஒண்டிய காலத்தில் வௌவாலிடமிருந்து மனிதனுக்குத் தாவியது என்பதுதான் பூச்சியியல் அறிஞர்களின் கணிப்பு. எகிப்தில் அமர்னா என்ற இடத்தில் தொழிலாளர் குடியிருப்பைத் தோண்டியபோது, சுமார் 3,500 ஆண்டுகள் பழமையான மூட்டைப்பூச்சியின் எச்சங்களே கிடைத்திருக்கின்றன.

நம் நாட்டிலும் பழைய குடிதான். பஞ்சதந்திரத்தில் ஒரு கதை வரும். ராஜாவின் படுக்கையில் ஒரு பேன் பல நாளாக நாசூக்காக வாழ்ந்து வந்தது. விருந்தாளியாக ஒரு மூட்டைப்பூச்சி வந்தது. ராஜா நன்றாகத் தூங்கிய பிறகு கடி என்று பேன் சொல்லியும் கேட்காமல், அவசரப்பட்டுக் கடித்துவிட்டு விரிசலுக்குள் ஓடி ஒளிந்துகொண்டது. காவலர்கள் வந்து தேடினார்கள். அகப்பட்டது பேன். அதைக் கொன்றார்கள். கடித்தவன் தப்பித்தான், பக்கத்தில் இருந்தவன் செத்தான். இந்தக் கதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சமஸ்கிருதத்தில் ஒரு வேடிக்கைச் சுலோகம் உண்டு. லட்சுமி தாமரையிலும், சிவன் இமயத்திலும், விஷ்ணு பாற்கடலிலும் போய்ப் படுப்பதற்குக் காரணம் மூட்டைப்பூச்சிப் பயமே என்பது அதன் கருத்து. எங்கள் ஊர்ப் பாடலாத்ரி நரசிம்மர் குடைவரைக்குள் உட்கார்ந்த கோலத்தில் இருக்கிறார். இவர் படுக்கவே இல்லை, விழித்துக்கொண்டே இருக்கிறார் என்று வகுப்பில் சொல்லிப் பிள்ளைகளைச் சிரிக்க வைப்பேன்.

பெயரைப் பாருங்கள். மூட்டைப்பூச்சி என்றும் சொல்கிறோம், மூட்டுப்பூச்சி என்றும் சொல்கிறோம். கட்டிலின் மூட்டுகளில் வாழ்வதால் மூட்டுப்பூச்சி. எங்கே தேட வேண்டும் என்பது பெயரிலேயே இருக்கிறது. குளிர்நாடுகளில் இருப்பது ஓர் இனம், நம் பக்கம் அதிகம் இருப்பது வெப்பமண்டல இனம். இரண்டுக்கும் இறக்கை கிடையாது, பறக்காது. நடந்தோ, நாம் சுமந்தோதான் வரும்.

*

என் சிறுவயதில், அதாவது 1960களில், எங்கள் வீட்டில் வருஷத்துக்கு ஒரு முறை பெரிய யுத்தம் நடக்கும். சித்திரை வெயில் ஏறியதும் அம்மா நாள் குறிப்பார். கட்டில்கள் தெருவுக்கு வரும். ஆணி, ஆப்பு எல்லாம் கழற்றிச் சட்டம் சட்டமாகப் பிரிப்பார்கள். வெந்நீர்த் தவலையில் தண்ணீர் கொதிக்கும். செம்பு செம்பாக மொண்டு ஒவ்வொரு துளையிலும் ஊற்றுவார் அம்மா. துளையிலிருந்து செத்த பூச்சிகள் மிளகு மாதிரி உதிரும். காய்ந்த பிறகு கோழி இறகை மண்ணெண்ணெயில் தோய்த்து மூட்டுகளில் தடவுவார். சுவர் விரிசலைச் சுண்ணாம்பு குழைத்து அடைப்பார்கள். மெத்தை, தலையணை, பாய் எல்லாம் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி வெயிலில். சாயங்காலம் வேப்பிலையும் நொச்சியும் போட்டுப் புகை. ராத்திரி கட்டிலை மறுபடி பூட்டி, நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய டப்பாக்களில் நிறுத்துவார்கள்.

பத்து நாள் கழித்து அம்மா மறுபடியும் வெந்நீர் வைப்பார். "இப்பத்தானே பண்ணோம்?" என்று நாங்கள் முனகுவோம். "முட்டை இருக்கும்டி, குஞ்சு வந்திருக்கும்" என்பார். அம்மா ஐந்தாவதுகூடப் படித்தவரில்லை.

நான் பின்னாளில் விலங்கியல் படித்தபோதுதான் அந்தப் பத்து நாள் கணக்கு புரிந்தது. பெண் பூச்சி தினமும் சில முட்டைகளை இடுக்கில் பசை வைத்து ஒட்டிவிடும். நம் ஊர்ச் சூட்டில் ஒரு வாரம், பத்து நாளில் அவை பொரியும். குஞ்சு ஐந்து முறை தோலுரிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு வேளை இரத்தம் குடித்தாக வேண்டும். முட்டையிட ஆரம்பிப்பதற்குள் இரண்டாவது வெந்நீர் விழுந்தால் அந்தத் தலைமுறையோடு வம்சம் முடியும். விட்டுவிட்டால் முதல் நாள் உழைத்தது வீண்.

சூடு விஷயத்திலும் அம்மா சரிதான். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 2011இல் அளந்து பார்த்தார்கள். 45 டிகிரி செல்சியஸில் வளர்ந்த பூச்சி சுமார் ஒன்றரை மணி நேரத்தில் செத்தது, ஆனால் முட்டை 7 மணி நேரம்கூடத் தாங்கியது. 50 டிகிரியில் இரண்டுமே தாங்கவில்லை. கொதிக்கும் தண்ணீருக்கு எதிரே நிற்கிற மூட்டைப்பூச்சி கிடையாது, எந்தத் தலைமுறையிலும் அதற்கு எதிர்ப்புச் சக்தி வரவும் வராது. இந்தக் கடைசி வரி முக்கியம். இனிமேல் வரும் கதை முழுக்க அதைப் பற்றித்தான்.

*

நம் ஊரிலிருந்து ரயில் ஏறினால் தாம்பரம் தாண்டிக் கிண்டி வரும். அங்கே இருக்கும் கிங் இன்ஸ்டிடியூட்டைக் கொரோனா காலத்தில் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1899இல் அம்மைத் தடுப்பு மருந்துக்காகத் தொடங்கப்பட்ட நிறுவனம். சரியாக நூறு வருஷத்துக்கும் முன்னால், மூட்டைப்பூச்சி மீது ஒரு பெரிய கொலைக்குற்றம் சுமத்தப்பட்டது அங்கேதான்.

அப்போது காலா அசார் என்ற கருங்காய்ச்சல் வங்காளத்திலும் அசாமிலும் கிராமம் கிராமமாக ஆட்களைக் காலி செய்துகொண்டிருந்தது. காய்ச்சல் விடாது, மண்ணீரல் வீங்கும், உடம்பு வற்றி ஆள் போய்விடுவார். சென்னையிலும் ஜார்ஜ் டவுன் பகுதியில் அந்த நோய் இருந்தது. 1903இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டொனோவன், நோயாளியின் மண்ணீரலில் ஒரு நுண்ணுயிரைக் கண்டார். அதே காலத்தில் லீஷ்மன் என்ற இராணுவ மருத்துவர் இங்கிலாந்தில் ஒரு சிப்பாயின் உடலில் அதையே கண்டதாக எழுதியிருந்தார். இருவர் பெயரையும் சேர்த்து அந்த உயிரிக்கு லீஷ்மேனியா டொனோவனி என்று பெயர் வைத்தவர் ரொனால்ட் ராஸ்.

கிருமி தெரிந்துவிட்டது. அதை ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்குக் கொண்டுபோவது யார்? கொசு மலேரியாவைப் பரப்புகிறது என்று ராஸ் கண்டுபிடித்துச் சில வருஷங்களே ஆகியிருந்தன. எல்லோரும் இரத்தம் குடிக்கும் பூச்சியைத் தேடினார்கள். ஏழை வீடு, நெருக்கமான குடியிருப்பு, ராத்திரிக் கடி. சந்தேகம் மூட்டைப்பூச்சி மேல் விழுந்ததில் ஆச்சரியமில்லை.

கிண்டியில் வேலை பார்த்த பேட்டன் என்ற இந்திய மருத்துவப் பணி அதிகாரி, மூட்டைப்பூச்சிகளை நோயாளிகள் மீது கடிக்க விட்டு, பிறகு பூச்சியின் வயிற்றைத் திறந்து நுண்ணோக்கியில் பார்த்தார். கிருமி அதன் வயிற்றில் உருமாறி வளர்வதை 1907இல் எழுதினார். குற்றவாளி அகப்பட்டுவிட்டான் என்றே பலர் நம்பினார்கள். அவரும் கிராக் என்பவரும் சேர்ந்து 1913இல் வெளியிட்ட மருத்துவப் பூச்சியியல் பாடநூல் உலகம் முழுக்கப் பயன்பட்டது. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் கார்ன்வால் என்பவரும் மூட்டைப்பூச்சியை வைத்து இதே கேள்விக்காக உழைத்தார்.

ஆனால் ஒரு படி மட்டும் தாண்ட முடியவில்லை. மூட்டைப்பூச்சியின் வயிற்றுக்குள் கிருமி போகிறது, சரி. அது கடிக்கும்போது இன்னொருவர் உடம்புக்குள் போகிறதா? அதைக் காட்ட முடியவில்லை. 1924இல் கல்கத்தாவில் நோல்ஸ், நேப்பியர், ஸ்மித் ஆகியோர் மணல் ஈ என்ற சின்னஞ்சிறு பூச்சியின் உடலில் அந்தக் கிருமி செழித்து வளர்வதைக் கண்டார்கள். கடைசியில் 1942இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும், தாமாக முன்வந்த மனிதர்களை மணல் ஈ கடித்து நோய் பரவுவதை நிரூபித்தார்கள். மூட்டைப்பூச்சி விடுதலை.

35 வருஷம். இதற்காக நான் பேட்டனைக் குறை சொல்ல மாட்டேன். அவர் பார்த்ததைத்தான் எழுதினார். பார்த்ததற்கும் நிரூபித்ததற்கும் நடுவில் ஒரு பள்ளம் உண்டு, அதை ஆசையால் தாண்டக் கூடாது என்பதுதான் பாடம். எட்டாம் வகுப்புக்கே இதைச் சொல்லலாம். பஞ்சதந்திரக் கதையில் கடித்தவன் தப்பி, பக்கத்தில் இருந்தவன் மாட்டினான். இங்கே மூட்டைப்பூச்சியே பக்கத்தில் இருந்தவனாக மாட்டிக்கொண்டது.

இன்றுவரை இயல்பான சூழ்நிலையில் மூட்டைப்பூச்சி மனிதர்களுக்கு ஒரு தொற்றுநோயைப் பரப்புவதாக நிரூபிக்கப்படவில்லை. அதற்காக அது சாது என்று அர்த்தமில்லை. 1962இல் ஐதராபாத் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த வெங்கடாசலம், பேளவாடி இருவரும் ஓர் ஆய்வுக்கட்டுரை எழுதினார்கள். கூட்டம் கூட்டமாக மூட்டைப்பூச்சி கடிக்கும் வீடுகளில் கைக்குழந்தைகளும் சிறுவர்களும் இழக்கும் இரத்தமே, அவர்களுடைய இரும்புச்சத்துக் குறைவுக்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஏற்கெனவே வயிற்றுக்குப் போதாத பிள்ளை, ராத்திரியில் பூச்சிக்கும் படியளக்கிறது. தூக்கம் கெட்ட பிள்ளை வகுப்பில் தூங்கி வழியும். அதை மண்டு என்று நாமே சொல்லியிருப்போம். நானும் சொல்லியிருக்கிறேன்.

*

அடுத்து டிடிடி. 1939இல் சுவிட்சர்லாந்தின் பால் முல்லர், இந்த வெள்ளைப் பொடி பூச்சிகளைக் கொல்வதைக் கண்டார். 1948இல் அவருக்கு நோபல் பரிசு. 1953இல் இந்தியாவில் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 1954இல் டிடிடி தயாரிக்கவே இந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸ் என்ற அரசு நிறுவனம் அமைத்தார்கள். பம்பும் வாளியுமாக ஆட்கள் கிராமம் கிராமமாக வந்து வீட்டுச் சுவர்களில் மருந்தடித்து, வாசலில் தேதியை எழுதிவிட்டுப் போவார்கள். அந்த எழுத்து எங்கள் வீட்டுத் திண்ணைச் சுவரிலும் இருந்தது.

மலேரியா குறைந்ததை ஜனங்கள் உடனே உணரவில்லை. ஆனால் முதல் முறை மருந்தடித்ததும் மூட்டைப்பூச்சி செத்து விழுந்ததைக் கண்ணால் பார்த்தார்கள். அதனாலேயே மருந்துக்காரர்களுக்கு வரவேற்பு. பிறகு சில வருஷங்களிலேயே பல ஊர்களில் கதை மாறியது. மருந்தடித்தும் பூச்சி சாகவில்லை. மருந்து பட்ட எரிச்சலில் விரிசலிலிருந்து வெளியே வந்து திரிந்து, முன்னைவிட அதிகமாகத் தெரிந்தது. "இது பூச்சியைக் கொல்ற மருந்தில்ல, வளர்க்கிற மருந்து" என்று சொல்லி ஜனங்கள் கதவைச் சாத்த ஆரம்பித்தார்கள். அதிகாரிகள் பலர் இதை அறியாமை என்றார்கள்.

உண்மையில் ஜனங்கள் பார்த்தது சரி. அமெரிக்கக் கடற்படையின் பேர்ல் ஹார்பர் முகாமில் 1947இலேயே டிடிடிக்கு அசையாத மூட்டைப்பூச்சிகளைக் கண்டுவிட்டார்கள். ஆயிரம் பூச்சியில் மருந்தைத் தாங்கக்கூடியவை நாலைந்து இருக்கும். மருந்து மற்றதைக் கொல்லும், அந்த நாலைந்தும் பெருகும். சில தலைமுறையில் எல்லாமே தாங்குபவை ஆகிவிடும். டார்வின் பாடம் நம் கட்டில் காலில் நடந்தது. விஞ்ஞானிகளுக்கு ஒரு முகாமில் தெரிந்தது, படிப்பில்லாத நம் கிராமத்துப் பெண்களுக்கு அவரவர் பாயிலேயே தெரிந்தது. மருந்தை மறுத்ததால் மலேரியா வேலை பாதிக்கப்பட்டது என்பதும் உண்மைதான். ஆனால் அவர்கள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டிருந்தால் அந்தக் கதவுகள் சாத்தப்பட்டிருக்காது.

டிடிடிக்குப் பிறகு புட்டிகள் வந்தன. கடையில் மூட்டைப்பூச்சி மருந்து என்று கேட்டால் கொடுத்துவிடுவார்கள். பெயரைச் சொன்னால் என் வயதுக்காரர்களுக்கு உடனே தெரியும், சொல்ல விரும்பவில்லை. ஏன் என்றால் அந்தக் காலத்துச் செய்தித்தாளில் "மூட்டைப்பூச்சி மருந்து குடித்து" என்ற வரி வராத வாரம் கிடையாது. ஒரு பூச்சியை ஒழிக்க வாங்கிய விஷம், அரிசிப் பானைக்குப் பக்கத்து அலமாரியில், கை எட்டும் தூரத்தில் இருந்தது.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி. எண்பதுகளில், பத்தாம் வகுப்பு முடிவு வந்த அன்று. அதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். அன்று ஒரு நாள், ஒரு சாயங்காலம், அந்தப் புட்டி அந்த வீட்டில் இல்லாமல் இருந்திருந்தால், அவள் இன்று பேரன் பேத்தி எடுத்திருப்பாள் என்று இப்போதும் நினைக்கிறேன். அவள் இரண்டு பாடத்தில்தான் தவறியிருந்தாள். அக்டோபரில் எழுதியிருக்கலாம். மனது கலங்கி நிற்கிற யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து பக்கத்தில் இருப்பவரிடம் பேசுங்கள், 104க்குக் கூப்பிடுங்கள். வீட்டில் விஷம் வைத்திருப்பவர்கள் இன்றே அப்புறப்படுத்துங்கள்.

2024 நவம்பரில் நமக்குப் பக்கத்தில் குன்றத்தூர்ப் பகுதியில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். எலித் தொல்லைக்காக ஆள் வைத்து மருந்து வைத்த வீட்டில், இரவு உறங்கிய குடும்பத்தில் இரண்டு சின்னக் குழந்தைகள் இறந்துபோனார்கள். எலிக்காக வைத்தது. மூட்டைப்பூச்சிக்காக வைத்தாலும் வாயுவுக்கு வித்தியாசம் தெரியாது. மாடி வீட்டுப் பெண் காட்டிய காகிதப் பொட்டலத்தைப் பார்த்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது அந்தச் செய்திதான்.

*

நடுவில் மூட்டைப்பூச்சி குறைந்துதான் இருந்தது. இரும்புக் கட்டில் வந்தது, சிமெண்டு பூச்சு வந்தது, ஓலைக்கூரை போனது. சினிமாக் கொட்டகை மரப் பெஞ்சில் கடி வாங்கிக்கொண்டு படம் பார்த்த கதையைப் பேரப்பிள்ளைகளிடம் வேடிக்கையாகச் சொல்லும் நிலைக்கு வந்திருந்தோம். 1990களின் கடைசியிலிருந்து உலகம் முழுக்க அது திரும்பி வருகிறது. 2023இல் பாரிஸ் நகரமே அலறியது. விமானம், பயணம், பழைய சாமான், எல்லாவற்றுக்கும் மேலாக இப்போதைய மருந்துகளுக்கும் பழகிவிட்ட பூச்சி.

நம் பகுதியைப் பாருங்கள். ஜி.எஸ்.டி. சாலை நெடுக ஆலைகள், மகேந்திரா சிட்டி, எங்கெங்கிருந்தோ வந்து ஓர் அறையில் ஆறு பேர் எட்டுப் பேர் தங்கும் பிள்ளைகள். ஒரு ஷிஃப்ட் எழுந்து போனால் அதே பாயில் அடுத்த ஷிஃப்ட். பூச்சிக்கு இதைவிட என்ன வேண்டும்? உடனே "வெளியூர்க்காரன் கொண்டுவந்தது" என்று ஆரம்பிக்காதீர்கள். ஆறு பேரை ஓர் அறையில் அடைத்து வாடகை வாங்குவது உள்ளூர்க்காரர்களாகிய நாம்தான். சுத்தமில்லாதவர் வீட்டில்தான் வரும் என்பதும் தவறு. அதற்கு வேண்டியது அழுக்கு இல்லை, இரத்தம். ஏழை பணக்காரன் இரத்தம் அதற்கு ஒன்றுதான்.

*

சரி, இயற்கை வைத்தியம். யூடியூபில் தினம் ஒன்று வருகிறது. எது வேலை செய்யும்?

வேம்பு: வேப்பெண்ணெய்க்குச் சக்தி உண்டு. பூச்சி தோலுரிப்பதைக் கெடுக்கும் பொருள் வேம்பில் இருக்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறையே குளிர்முறையில் பிழிந்த வேப்பெண்ணெயை மூட்டைப்பூச்சிக்கு அனுமதித்திருக்கிறது. ஆனால் பூச்சி மேல் பட வேண்டும், திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். நாலு வேப்பிலையைத் தலையணைக்கு அடியில் வைத்தால் போய்விடும் என்பது நடக்காது.

வாசனை எண்ணெய்கள்: 2014இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், செயற்கை விஷமில்லாதவை என்று கடையில் விற்ற 11 தயாரிப்புகளைச் சோதித்தார்கள். 90 சதவீதத்துக்கு மேல் கொன்றவை இரண்டே இரண்டு. மற்றவை வாசனைதான்.

பீன்ஸ் இலை: இது அழகான கதை. பால்கன் நாடுகளில் ராத்திரி கட்டிலைச் சுற்றிப் பீன்ஸ் இலையைப் பரப்பி வைத்து, காலையில் அதில் சிக்கிய பூச்சிகளோடு எரித்துவிடுவார்களாம். பாட்டி கதை என்று விடாமல் 2013இல் கலிபோர்னியா, கென்டக்கி ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். இலையில் இருக்கும் கொக்கி போன்ற நுண்மயிர்கள் பூச்சியின் காலைக் குத்திப் பிடித்துக்கொள்கின்றன. அதே மாதிரி செயற்கையாகச் செய்து பார்த்தால், இலை அளவுக்குப் பிடிக்கவில்லை.

தண்ணீர் டப்பா: வெளிநாட்டில் கட்டில் காலுக்கு வழுவழுப்பான பிளாஸ்டிக் கிண்ணம் விற்கிறார்கள், பூச்சி ஏற முடியாமல் உள்ளே விழும். ஆனால் நம் வெப்பமண்டல இனம் வழுவழுப்பான சுவரிலும் ஏறிவிடும் என்று 2017இல் மலேசிய ஆய்வு சொன்னது. நம் பாட்டிமார் டப்பாவில் தண்ணீரும் ஊற்றி வைத்தது சும்மா இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. இன்று செய்தால் இரண்டு நாளைக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள், டெங்கு கொசு முட்டையிடும். குழந்தை கை எட்டாமல் பாருங்கள்.

இன்னொன்று. இயற்கை என்றால் ஆபத்தில்லை என்று நினைக்காதீர்கள். புகையிலைக் கஷாயம் நல்ல விஷம். சீதாப்பழ விதைப்பொடி கண்ணில் பட்டால் பார்வையே கெடும். மண்ணெண்ணெய் தடவிய கட்டிலில் ஒரு தீக்குச்சி போதும். அம்மா செய்ததில் இதை மட்டும் நான் யாருக்கும் சொல்வதில்லை.

பழைய துணுக்கு ஒன்று. மூட்டைப்பூச்சி ஒழிக்கும் நவீன இயந்திரம் என்று விளம்பரம் பார்த்துப் பணம் அனுப்பினால், தபாலில் இரண்டு மரக்கட்டை வரும். பூச்சியைப் பிடித்து இதன் மேல் வைத்து அதனால் நசுக்கவும் என்று குறிப்பு இருக்கும். சிரித்துவிட்டோம். யோசித்துப் பார்த்தால் அதில் உண்மை இருக்கிறது. பூச்சியைப் பிடிப்பதுதான் வேலை. அந்த வேலையை, நம் வீடுகளில் பெண்கள் முதுகொடிய வெந்நீர் சுமந்து செய்தார்கள். அந்த உழைப்பு வேண்டாம், இதை அடித்தால் போதும் என்று ஒவ்வொரு புட்டியும் சொன்னது. பூச்சி பழகிக்கொண்டது. விலை கொடுத்தது நாம்.

*

மாடி வீட்டில் நாங்கள் செய்தது இதுதான். அவள் புருஷனுக்கு வாராந்திர விடுமுறை என்பதால் அவரையும் வேலையில் இறக்கினேன். "வெந்நீர் தூக்கறது ஆம்பளை வேலைப்பா" என்றேன். கட்டிலைக் கழற்றி மூட்டு மூட்டாகக் கொதிநீர். துணிகள் எல்லாம் வெந்நீரில் ஊற. மெத்தையை வெறுமனே வெயிலில் போட்டால் பூச்சி நிழல் பக்கம் நகர்ந்துவிடும், உள்ளே சூடு ஏறாது. அதனால் தலையணை, பொம்மை போன்ற சின்னச் சாமான்களைக் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி மொட்டைமாடித் தரையில் நாள் முழுக்க வைத்தோம். பழைய ஆய்வுக்கூட வெப்பமானி ஒன்று என்னிடம் உண்டு, ஒரு பையில் நடுவே செருகி வைத்தேன். மத்தியானம் 50ஐத் தாண்டியது. மெத்தை அழுகியிருந்ததால் அதைக் கிழித்து, யாரும் எடுத்துப் பயன்படுத்தாதபடி செய்துதான் போட்டோம். சுவர் விரிசல்களை வெள்ளை சிமெண்டால் அடைத்தேன். அது வீட்டுக்காரியான என் செலவு, அவர்கள் தலையில் கட்டவில்லை.

ஒன்பதாம் நாள் மறுபடி. பத்தொன்பதாம் நாள் மறுபடி. இரண்டாவது முறை பொடிக் குஞ்சுகள் கொஞ்சம் விழுந்தன. மூன்றாவது முறை ஒன்றும் விழவில்லை. இன்னும் ஒரு மாதம் வாரம் ஒரு முறை டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மிகவும் முற்றிப்போன வீடாக இருந்தால் உரிமம் உள்ள ஆட்களைக் கூப்பிடுங்கள், என்ன மருந்து என்று எழுதி வாங்குங்கள், எத்தனை மணி நேரம் வெளியே இருக்க வேண்டும் என்று கேளுங்கள். பொட்டலத்தில் வருவதை மட்டும் வாங்காதீர்கள்.

முக்கியமாக, வீட்டு உரிமையாளர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பெண் என்னிடம் சொல்ல இரண்டு மாதம் தயங்கியிருக்கிறாள். காலி பண்ணச் சொல்லிவிடுவேனோ என்ற பயம். அந்தப் பயத்தில்தான் யாருக்கும் தெரியாமல் மாத்திரை வாங்கினார்கள். பூச்சியைவிட அந்த வெட்கம்தான் ஆபத்தாக இருந்தது. உங்கள் வீட்டில் குடியிருப்பவர்களிடம் நீங்களே ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

நேற்றுக் காலை குழந்தை படியில் உட்கார்ந்திருந்தது. கையைப் பிடித்துப் பார்த்தேன். பழைய தடிப்பு மங்கியிருந்தது, புதிதாக ஒன்றுமில்லை. "நல்லா தூங்குனியா?" என்று கேட்டேன். "ம்" என்றது.

உங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் என்ன செய்தார்கள்? வயதானவர்களிடம் கேட்டு எழுதுங்கள். எல்லோரும் தெரிந்துகொள்வோம்.